நாற்பத்தோரு சென்டிமீட்டர்

தவெர்னாரி கம்பெனியிலிருந்து லொரெத்தாவுக்கு வந்த கடிதத்தில் 'ஆன்மா' என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். நர்சரிப் பள்ளிச் சமையலறையில் தினமும் நூற்றுப்பன்னிரண்டு தட்டுகளை எண்ணி அடுக்குகிறவள். கையில் எது வந்தாலும் எண்ணிவிடுவாள். 'கார்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. தவெர்னாரி கார் கம்பெனிதான். இத்தாலியின் மோதெனா நகரில் அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும் என்பதால் விட்டிருப்பார்கள் என்று அவளாகவே சமாதானம் செய்துகொண்டாள்.

கடிதத்தின் சாரம் இதுதான். 1963-இல் கம்பெனிக்கு முதல் பந்தய வெற்றியைத் தேடித் தந்த வண்டிக்கு ஐம்பது வயதாகப் போகிறது. அதை முன்னிட்டு, பழைய வண்டியின் சாயலில் அறுபத்து மூன்று புதிய வண்டிகள் செய்கிறார்கள். அறுபத்து நான்காவது எக்காலத்திலும் செய்யப்படாது. வண்டியின் பெயர் 'போதும்'. பழைய வண்டியின் முதுகில் மஞ்சள் கோடு போட்டவர் அமரர் லெயார்கோ ஸனாசி. அவருடைய ஒரே மகள் 'கையின் வாரிசு' என்ற முறையில் விழாவில் பங்கெடுக்க வேண்டும்.

லொரெத்தா கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். ஆர்ஜியாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணில் புரை, முழங்காலில் வலி, நாக்கில் மட்டும் ஒரு குறையும் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"கிட்டப் போய்ப் பார்க்க விடுவாங்களாடி?"

அந்தக் கோட்டைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிவப்பு வண்டியின் மூக்கில் தொடங்கி, முதுகு வழியாகப் போய், வால் முடிவதற்கு நாற்பத்தோரு சென்டிமீட்டர் முன்பாகவே நின்றுவிடும். 1963 ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. லெயார்கோ பிரஷ்ஷை வைத்துவிட்டுச் சைக்கிளில் சாப்பிடக் கிளம்பினார். வியா எமிலியா நெடுஞ்சாலையைக் கடக்கும்போது பால் லாரி மோதிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மிச்சக் கோட்டை இழுக்க யாருக்கும் கை வரவில்லை. வண்டி அப்படியே போனது, ஜெயித்தது. அதற்கப்புறம் அதைத் தொட்டால் ராசி போய்விடும் என்று ஓட்டுநர்கள் சொல்ல, கோடு முடியாமலே இருந்துவிட்டது.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு. அன்று காலையில் நடந்தது வீட்டுக்கு மட்டும் தெரியும். லெயார்கோ தினமும் சங்கு ஊதியபின் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார்; சாப்பாடு ஆறிப் போகும். அன்று காலை ஆர்ஜியா வாசலில் நின்று, இன்றைக்குச் சங்கு ஊதியதும் வரவில்லை என்றால் வரவே வேண்டாம் என்று கத்தினாள். அவர் பதில் சொல்லாமல் போனார். அவர் போகும்போது கோபமாகப் போனாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷமாகத் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த அஃப்ரோ என்பவர், சாவதற்கு முந்தைய வருஷம் லொரெத்தாவிடம் அதைச் சொன்னார். கோடு போடுகிறவன் பாதியில் எழுந்தால் இரண்டு விதமாக எழுவான். கோபத்தில் எழுந்தால் பிரஷ்ஷை அப்படியே எடுத்துவிடுவான்; முனை மொட்டையாக, கட்டியாக நிற்கும். நிதானமாக, திரும்பி வந்து தொடரலாம் என்று எழுந்தால் பிரஷ்ஷை மெல்ல மெல்லத் தூக்குவான். முனை மெலிந்து, மயிரிழையாகப் பிரிந்து, ஒன்றுமில்லாமல் போகும். அப்போதுதான் பிறகு ஒட்டுவது தெரியாது. லெயார்கோவின் முனை எப்படி இருந்தது என்று லொரெத்தா கேட்டாள். தான் பார்க்கவில்லை என்றார் அஃப்ரோ. அவரும் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தாராம்.

வண்டி பல வருஷம் அமெரிக்காவில் யாரிடமோ இருந்தது. பிறகு கம்பெனி திரும்ப வாங்கி நிலவறையில் வைத்துப் பூட்டியது. அருங்காட்சியகத்தில் இருப்பது நகல். லொரெத்தா இரண்டு முறை டிக்கெட் ஜன்னலில் அசல் வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அசலைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, நகலே அசலைவிடத் தெளிவாக இருக்கும் என்றார்கள்.

கடிதம் அனுப்பிய மரபுத் துறை கம்பெனியின் ஐந்தாவது மாடியில் இருந்தது. லொரெத்தா அங்கே போனாள். அந்த மாடியில் எல்லோரும் டாக்டர்கள். ஒருவருக்கும் ஊசி போடத் தெரியாது. துறைத் தலைவர் டாக்டர் பன்கால்திக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் மினரல் வாட்டர் கம்பெனி ஒன்றில் தண்ணீரின் வரலாற்றுக்குப் பொறுப்பாக இருந்தவர். லொரெத்தாவின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, விரல் நீளம் இருக்கிறது என்று உதவியாளரிடம் சொன்னார். வெங்காயம் நறுக்கி வந்த கை அது. லொரெத்தா அதை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"சின்யோரா, நாங்க கார் விக்கிறதில்லை," என்று பன்கால்தி தொடங்கினார். "அதை விக்கிறவங்க ரெண்டாவது மாடியிலே இருக்காங்க. நாங்க ஞாபகத்தை விக்கிறோம்."

"யாரோட ஞாபகம்?"

"வாங்கறவங்களோடது."

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அறுபத்து மூன்றில் பிறந்திருக்கவே மாட்டார்களே என்று லொரெத்தா தயங்கித் தயங்கிக் கேட்டாள். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்றும் இருந்தது.

"அதனாலதான் விலை ஜாஸ்தி," என்றார் பன்கால்தி.

பிறகு அவர் கோட்டின் தத்துவத்தைச் சொன்னார். 1963 ஏப்ரல் 30 அன்று நிறுவனர் தவெர்னாரி பட்டறைக்குள் வருகிறார். கோடு வாலை நெருங்குகிறது. நிறுவனர் பார்க்கிறார். உலகத்தில் எல்லாக் கார்களும் முடிந்துபோன கார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. கையை உயர்த்தி ஒரே ஒரு சொல் சொல்கிறார்: போதும். லெயார்கோவின் கை நிற்கிறது. அந்த நாற்பத்தோரு சென்டிமீட்டர் வெறுமைதான் தவெர்னாரியின் ஆன்மா. இந்த விவரம் போன வருஷம்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

யார் கண்டுபிடித்தார்கள் என்று லொரெத்தா கேட்டாள். மிலானில் ஒரு விளம்பர நிறுவனம், என்றார் அவர். நல்ல நிறுவனம், நிறைய ஆவணங்களைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

அப்பா சாப்பிடப் போனார் என்று சொல்ல லொரெத்தா வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கு வேண்டியது வேறு. நிலவறையில் இருக்கும் வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும், கோடு முடிகிற இடத்தை மட்டும், இரண்டு நிமிஷம் போதும் என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டதும் பன்கால்தி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நடைமுறையைச் சொன்னார். அந்த நிலவறைக்குப் பெயர் கருவறை. அங்கே போவதற்கு முன் மூன்று மாலை வகுப்புகள், ஒரு வாசனைத் தேர்வு, ஒரு சாட்சியக் கையெழுத்து. தானே இரண்டு தடவைதான் போயிருப்பதாகவும், இரண்டாம் தடவை அழுததாகவும் சொன்னார்.

வகுப்புகளுக்கு வண்டி வாங்கப் போகிறவர்களும் வந்திருந்தார்கள். பணம் இருக்கிறது என்பதற்காக இந்த வண்டியை வாங்கிவிட முடியாது. விலை கேட்பதே அநாகரிகம். ஆறாயிரம் பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். தகுதிக் குழு என்று ஒன்று இருந்தது. அது ஒவ்வொருவரிடமும் 'நான் ஏன் போதாதவன்' என்ற தலைப்பில் கட்டுரை வாங்கித் திருத்தியது. பார்மாவிலிருந்து ஒரு பல் மருத்துவர் நல்ல கட்டுரை எழுதி, கடைசி வரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போக ஆசை என்று எழுதிவிட்டார். அவர் தாளின் மேல் குழு சிவப்பு மையில் குறிப்பு எழுதியது: 'ஓட்டும் எண்ணம் உடையவர்.' வகுப்பில் இதை எச்சரிக்கையாகப் படித்துக் காட்டினார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதல் மாலை, பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வெறுமையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். அசலின் வெறுமையை லேசர் வைத்து அளந்திருக்கிறார்களாம். அறுபத்து மூன்று வண்டியிலும் அதே வெறுமை வருவதற்காகத் தனியே ஓர் இயந்திரம் செய்திருக்கிறார்கள். அது ஒன்றும் செய்யாது. மற்ற இயந்திரம் கோடு போட்டுக்கொண்டு வரும்போது சரியான இடத்தில் அதை நிறுத்தும். வெறுமைக்குக் காப்புரிமையும் வாங்கியாகிவிட்டது. இனி ஐரோப்பாவில் வேறு எவரும் நாற்பத்தோரு சென்டிமீட்டருக்கு எதையும் செய்யாமல் விட முடியாது.

கேள்வி நேரத்தில் ரோட்டர்டாமிலிருந்து வந்த பெரிய உருவம் ஒன்று எழுந்தது. ஃபான் ஹெய்ஸ்டர் என்று பெயர். குளிர்பதனக் கிடங்குகள் வைத்திருப்பவர். தன் வண்டியில் மட்டும் கோட்டை வால்வரைக்கும் முழுசாகப் போட்டுத் தர முடியுமா, தனியாகச் செலவு ஆனாலும் பரவாயில்லை என்று கேட்டார். கூடத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பன்கால்தி நிதானமாகப் பதில் சொன்னார். "முடிச்சுட்டா அது வெறும் கோடு சார். யார் வேணும்னாலும் முடிக்கலாம். முடிக்காம விடறதுக்குத்தான் தவெர்னாரி வேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஹாலந்துக்காரர் கேட்டதைத்தான் அப்பாவும் செய்ய நினைத்திருப்பார் என்று லொரெத்தாவுக்குத் தோன்றியது. ஆனால் அதை அங்கே சொல்கிற அளவுக்குத் தனக்கு விஷயம் தெரியாது என்றும் தோன்றியது. மறுநாள் பள்ளியில் பூசணிக்காய் வெட்டும்போதுதான், தனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

வாசனைத் தேர்வு அடுத்த வாரம். வண்டிக்குள் உட்கார்ந்தால் 1963 ஏப்ரல் மாதத்துப் பட்டறையின் வாசனை வர வேண்டும் என்பது திட்டம். ஐந்து சிறு குப்பிகளை வரிசையாக வைத்து, அப்பாவின் வாசனை எது என்று கேட்டார்கள். லொரெத்தாவுக்கு அப்போது நான்கு வயது. அப்பாவின் முகமே படத்தில் பார்த்ததுதான். முதல் மூன்றில் தோல் செருப்பும் காளானும் ஏதோ பூவும் மணந்தன. நான்காவதை மூக்கருகே கொண்டுபோனாள். யாரோ அவளைத் தூக்கி, கரடுமுரடான சட்டையில் சாய்த்துக்கொண்டதுபோல் இருந்தது. அவள் குப்பியைக் கீழே வைக்கவில்லை. உதவியாளர் நேரத்தைப் பார்த்துத் தாளில் எழுதினார்: 'எண் நான்கு. கண்ணீர், இரண்டு கண்ணிலும்.'

அது பெயின்ட் கரைக்கிற வெறும் டர்பன்டைன். மற்ற குப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தார்களாம். வண்டிக்கு எண் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வாடிக்கையாளர்களுக்குக் காளான் பிடித்திருந்தது. நான்காவது குப்பியைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். குப்பி மரபுச் சொத்து என்றார்கள். டர்பன்டைன் எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போய் ஒரு டப்பா வாங்கினாள். திறந்து பார்த்தால் வெறும் டர்பன்டைனாகத்தான் மணந்தது.

கடைசியாகச் சாட்சியம். ஒற்றைத் தாள். 'என் தந்தை லெயார்கோ ஸனாசி கோட்டை நிறுத்தியதற்கு முழுக் காரணம் நிறுவனர் தவெர்னாரி சொன்ன 'போதும்' என்ற சொல்லே. அச்சொல்லை அவர் சொன்னார் என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாகத் தெரிந்த உண்மை.' கீழே கையெழுத்துக்கு இடம். கையெழுத்துப் போட்டால்தான் கருவறைக் கதவு திறக்கும். லொரெத்தா தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஆர்ஜியா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை முடிந்ததும் கை நின்றது.

"அந்தாள் போதும்னு சொன்னது வாஸ்தவம்தான்டி," என்றாள்.

லொரெத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இது அவள் கேட்டிராத சேதி. ஆர்ஜியா சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் பெரிய முதலாளி வீட்டுக்கு வந்தார். இதே சமையலறையில், தொப்பியைக் கழற்றாமல், அந்த அலமாரிப் பக்கம் நின்றார். அவள் தரையில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"'போதும், ஆர்ஜியா, போதும்'னாரு. ரெண்டு தடவை. அப்புறம் குனிஞ்சு மெதுவாக் கேட்டாரு, உங்கப்பா சட்டைப் பையிலே கம்பெனி பிரஷ் இருக்கான்னு பாருன்னு. அணில் முடி பிரஷ்ஷாம். ஜெர்மனியிலேர்ந்து வந்ததாம்."

"இருந்துச்சா?"

"நான் பார்க்கலை. அந்தச் சட்டையை என்னாலே பார்க்க முடியலை."

 இந்தத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவது, இது பொய்யல்லவா என்றாள் லொரெத்தா.

"எது பொய்? சொன்னாரான்னு கேட்டிருக்கான். சொன்னாரு. எங்கே சொன்னாருன்னு அவன் கேக்கலையே. போட்டுட்டுப் போய்ப் பாருடி." பிறகு, பீன்ஸைப் பார்த்துக்கொண்டே, "வரவே வேண்டாம்னு நான் சொன்னதையும் எந்தத் தாள்லயும் எழுதலை. அதுவும் நடந்ததுதான்," என்றாள்.

லொரெத்தா கையெழுத்துப் போட்டாள். முழுப்பெயரையும் தெளிவாக எழுதினாள்.

கருவறைக்கு விழாவுக்கு முந்தைய நாள் அழைத்துப் போனார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு கதவிலும் ஒரு நிமிஷ மௌனம், கதவு மூன்று. உள்ளே வண்டி, அவள் நினைத்ததைவிடச் சின்னதாக, தாழ்வாக இருந்தது. மூக்கிலிருந்து கோட்டைத் தொடர்ந்து வந்தாள். நெருங்கிப் பார்த்தால் அதில் பிரஷ்ஷின் தடம் தெரிந்தது. ஓர் இடத்தில் சிறிது அலைந்து, உடனே நேராகியிருந்தது. யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பின் சக்கரத்தைத் தாண்டினாள். முனைக்கு வந்தாள்.

முனை மொட்டையாக இருந்தது. மொட்டை என்றால் சாதாரண மொட்டை இல்லை. அளவுகோல் வைத்துக் கத்தியால் வெட்டியதுபோல, சதுரமாக, பளிச்சென்று இருந்தது.

லொரெத்தா அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். காலையில் கத்திய கத்தலுக்கு இதுதான் பதில். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். மெலிந்திருந்தது என்று சொல்லிவிடலாம். கண்ணில் புரை, வந்து பார்க்கவா போகிறாள். ஐம்பத்து நான்கு வயதுவரை அம்மாவிடம் அவள் பெரிய பொய் சொன்னதில்லை. சொன்னால் குரலிலேயே பிடித்துவிடுவாள்.

பன்கால்தி பின்னால் நின்று, முனையின் கூர்மையைப் பார்த்தீர்களா என்றார். நிறுவனரின் சொல் எவ்வளவு திட்டவட்டமாக இருந்திருக்கிறது பாருங்கள் என்றார். பழைய முனை இவ்வளவு தெளிவாக இல்லை என்றும் சொன்னார்.

லொரெத்தா திரும்பினாள். "பழைய முனையா?"

பன்கால்தி பெருமையோடு விளக்கினார். அசல் முனை சரியாக இல்லை. குழப்பமாக, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருந்தது. லேசர் அளவு எடுத்தவர்கள் திணறிப் போனார்கள். 'போதும்' என்று சொன்னால் கோடு போதுமென்று நிற்க வேண்டாமா. ஆகவே போன வருஷம் கடைசி ஒரு சாண் நீளத்தை அடிச் சிவப்போடு சேர்த்து ஏடாகப் பெயர்த்து எடுத்துவிட்டு, வரலாற்றுக்குப் பொருத்தமாகப் புதிதாகப் போட்டார்கள்.

"பெயர்த்ததை என்ன பண்ணீங்க?"

"சின்யோரா, நாங்க அதைப் பாழாக்குவோமா? பகிர்ந்து கொடுக்கிறோம். அறுபத்து மூணு துணுக்கா வெட்டி, ஒவ்வொரு சாவியிலும் கண்ணாடி மாதிரி பிசினுக்குள்ள ஒண்ணு வச்சிருக்கோம். வாங்கறவங்க கையிலே அசல் ஆன்மா போகுது. உங்கப்பா இப்போ அறுபத்து மூணு நாட்டுக்கு, சரியாச் சொன்னா பத்தொன்பது நாட்டுக்குப் போறார்."

சாவிகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நாளைக்கு அவள்தானே அவற்றை எடுத்துக் கொடுக்கப் போகிறாள் என்றார் பன்கால்தி. வரிசை மாறக் கூடாது. முதல் துணுக்கு ஒன்றாம் எண் வண்டிக்கு, முனைத் துணுக்கு அறுபத்து மூன்றாம் எண்ணுக்கு. ஒவ்வொரு சாவியையும் கொடுக்கும்போது அவள் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். என்ன சொல் என்று அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமை, பகல். பழைய பட்டறைக் கூடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மோன்சிஞோர் பட்டம் பெற்ற பாதிரியார் ஒருவர் வந்து அறுபத்து மூன்று வண்டிகளுக்கும் புனித நீர் தெளித்தார். ஒரு துளி பட்ட இடத்தையும் விடாமல் பின்னாலேயே ஒருவர் துடைத்துக்கொண்டு போனார். சுண்டுவிரல் அளவு பொரித்த ரொட்டியும் லம்ப்ரூஸ்கோ ஒயினும் கொடுத்தார்கள். பன்கால்தி பேசினார். "இந்த வண்டி மணிக்கு முந்நூத்து நாப்பது கிலோமீட்டர் போகும். நீங்க யாரும் அதைப் போக விடமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம்." பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு வெல்வெட் தட்டு வந்தது. லொரெத்தா முதல் சாவியை எடுத்தாள். பிசினுக்குள் கடுகளவு அகலத்தில் கெட்டியான மஞ்சள். "போதும்," என்றாள். கொடுத்தாள். இரண்டு. போதும். மூன்று. போதும். பதினைந்துவரை மஞ்சள் மாறவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் ஒரு கணம் தூக்கிப் பார்த்த பிறகே கொடுத்தாள். சடங்கின் ஒரு பகுதி என்று நினைத்து எல்லோரும் படம் எடுத்தார்கள்.

இருபத்தாறாவது சாவியில் மஞ்சளின் ஓரம் சற்று உள்ளே வந்திருந்தது. அது வெட்டியதில் வந்த கோணல் என்று நினைத்தாள். முப்பதிலும் வந்திருந்தது. முப்பத்தேழில் மஞ்சளுக்கு அடியிலிருந்து சிவப்பு இலேசாகத் தெரிந்தது. அவள் 'போதும்' சொல்கிற சத்தம் குறைந்தது. நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. கோடு பாதி அகலமாகிவிட்டது. ஐம்பதில் அது இழை இழையாகப் பிரிந்தது. பிரஷ்ஷின் மயிர்களை எண்ணலாம் போல் இருந்தது. ஒன்பது இழை. ஐம்பத்து மூன்றில் ஏழு. யாரும் அவசரப்படுத்தாத ஒரு கை, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சாவியாக அவள் அதனோடு கூடவே போனாள். ஐம்பத்தெட்டில் ஐந்து. அறுபத்தொன்றில் மூன்று.

அறுபத்து மூன்றாவது சாவியில் ஒரே இழைதான் இருந்தது. அதுவும் துணுக்கின் பாதிவரை வந்து, எந்த இடத்தில் இல்லாமல் போனது என்று சொல்ல முடியாதபடி இல்லாமல் போயிருந்தது. மிச்சம் சிவப்பு.

முன்னால் ஃபான் ஹெய்ஸ்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கூடம் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது. லொரெத்தா அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்கால்தி பக்கத்தில் வந்து அந்தச் சொல்லை அவள் காதில் எடுத்துக் கொடுத்தார்.

"இல்லை," என்றாள் லொரெத்தா. ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுவதும் கொண்டுபோனது. "இது இன்னும் முடியலைங்க. சாப்பிட்டுட்டு வந்து முடிக்கிறதா இருந்தார்."

ஃபான் ஹெய்ஸ்டர் அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பன்கால்தியிடம் கவலையோடு கேட்டார்.

"முடியலையா? அப்போ டெலிவரி எப்போ?"

முடிந்தது சார், எல்லாம் முடிந்தது என்று பன்கால்தி சிரித்துக்கொண்டே சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார். கை தட்டினார்கள். ஃபான் ஹெய்ஸ்டர் மட்டும் தட்டவில்லை. ஒரு கையில் சாவி இருந்தது.

லொரெத்தா பேருந்தில் வீடு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. ஆர்ஜியா சாப்பிடாமல் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. முகத்தை மட்டும் இவள் பக்கம் திருப்பினாள்.

லொரெத்தா குழாயில் விரலை நனைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மேஜை விளக்கைப் போட்டாள். பிறகு மேஜைமேல் தண்ணீரால் ஒரு கோடு இழுத்தாள். அழுத்தமாகத் தொடங்கி, சீராகக் கொண்டுவந்து, கடைசி ஒரு சாணில் விரலை மெல்ல, மிக மெல்லத் தூக்கி, காற்றில் விட்டாள்.

ஆர்ஜியா குனிந்து, முகம் மேஜையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.  தண்ணீர் காய்கிறவரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த முனைதான் முதலில் காய்ந்தது.